சூடேறாமல் இறுகிய பூச்சு

மூன்றாவது பூச்சு இறுகியிருந்தது. இறுகியிருக்கக் கூடாது.

அவள் சுட்டுவிரலின் நுனியைப் பொம்மைத் தலையின் கன்னத்தில் வைத்து, மெல்ல அழுத்தி எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. முந்தைய மாலை, மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி அவள் ஈரமாக விட்டுச் சென்ற வெளிர்சிவப்பு, இப்போது பொம்மை வார்த்த வினைல் பிளாஸ்டிக்கோடு ஒன்றாகக் கலந்து, பிறந்த சிசுவின் தோலுக்கே உரிய அந்தச் சீரற்ற செம்மையாய் நிலைத்திருந்தது. வண்ணத்தைக் கரைக்கும் தின்னரில் தோய்த்த பஞ்சால் காதோரம் தேய்த்துப் பார்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது.

பொம்மைக்கு வண்ணம் பூசுவதைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அவர்களோடு பேசுவதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். மெய்யான குழந்தையென்று கண்ணை நம்பவைக்கும் இந்த ரீபார்ன் பொம்மைகளுக்கு இருவகை வண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று காற்றிலேயே உலர்வது. பூசிய கையை எடுப்பதற்குள் உலர்ந்துவிடும். பிழை நேர்ந்தால் நேர்ந்ததுதான். மற்றொன்று சூட்டு வண்ணம். ஓவனில் வைத்துச் சூடேற்றினாலொழிய அது இறுகாது. மாதக்கணக்கில் திறந்து வைத்தாலும் ஈரமாகவே கிடக்கும். அதுவரை எந்தப் பிழையையும் துடைத்தெடுக்கலாம். இனி மாற்றமில்லை என்று பூசுகிறவள் தீர்மானித்து ஓவனின் கதவைச் சாத்தும்வரை எதுவும் முடிந்துபோவதில்லை. அவள் சூட்டு வண்ணக்காரி. இருமுறை கருவுற்று, இருமுறையும் நிலைக்கப் பெறாதவளுக்கு, முடிந்துபோகாத ஒரு பொருளின்மீது அப்படியொரு பிடிப்பு ஏற்பட்டதில் வியப்பில்லை.

இப்போது வயிற்றில் இருப்பது மூன்றாவது. ஏழு மாதங்களைக் கடந்து நிலைத்திருந்தது.

அவள் ஓவனைத் திரும்பிப் பார்த்தாள். முன்பு வண்டி நிறுத்துமிடமாக இருந்து, பிறகு அவளுடைய பட்டறையாக மாறிய அந்தத் தகரக் கூரை அறையின் மூலையில் அது இருண்டு கிடந்தது. அதன் மின்கம்பி சுவரை எட்டாமல் பாதியில் அறுந்து தொங்கியது. சூடேறும் வினைலின் புகை கருவுக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்ன அன்றே அவள் கணவன் பிளக்கை வெட்டியெடுத்துத் தன் கருவிப்பையில் போட்டுக்கொண்டுவிட்டான். குளிர்பெட்டிகளையும் சலவை இயந்திரங்களையும் பழுது பார்க்கிற அவனுக்கு, அது கைவந்த வேலை. பூசி முடித்த பொம்மை உறுப்புகளை ஞாயிறுதோறும் தன் கடைக்கு எடுத்துச் சென்று அங்கிருக்கும் ஓவனில் சுட்டுக் கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு. ஞாயிறு இன்னும் வரவில்லை.

சமையலறை வாசலில் அவன் காலணியை மாட்டிக்கொண்டிருந்தான்.

“என்னங்க, ஓவனைத் தொட்டீங்களா?”

“அதோட வாலையே வெட்டியாச்சு. இன்னும் என்னத்தைத் தொடறது?”

“விளையாடாதீங்க. பெயின்ட் காஞ்சிருக்கு.”

“காஞ்சா நல்லதுதானே? அதுக்குத்தானே பூசறே?”

“இது சூடு பண்ணாம காயவே காயாதுங்க.”

“அப்போ நீ முறைச்சுப் பாத்திருப்பே. நீ முறைச்சா நானே காஞ்சு போறேன், பாவம், பொம்மை எம்மாத்திரம்?” என்று சொல்லிவிட்டு, குனிந்து, அவளுடைய வயிற்றுக்கு நேராக வாயை வைத்து, “வாத்தியாரே, போயிட்டு வரேன். அம்மாவைப் பாத்துக்கோ” என்றான்.

வயிற்றில் இருப்பதற்குக் கணக்கு வாத்தியார் என்பது அவன் இட்ட பெயர். ஸ்கேன் எடுத்த படத்தில், இரு புருவங்களுக்கும் நடுவே ஆழமான ஒரு மடிப்போடு, வராத விடைக்காகக் கோபித்துக்கொண்டிருப்பதைப் போல அந்தச் சின்ன முகம் இருந்தது. அந்தப் படத்தை அவன் பணப்பையில் வைத்துக்கொண்டு, பழுதாகிப் போன குளிர்பெட்டிகளின் சொந்தக்காரர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

அவனை அனுப்பிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினாள். வண்ணத்தில் கலப்படம் இருக்கலாம். மூடியில் ஒன்றை எழுதி உள்ளே மற்றொன்றை அடைக்கிற அயோக்கியர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். அதே குப்பியிலிருந்து அதே பிரஷால் ஒரு வெள்ளை ஓட்டுத் துண்டில் ஒரு தீற்றல். பொம்மையின் கையில் ஒரு பூச்சு. தலையின் நெற்றியில் ஒரு பூச்சு. மூன்றையும் ஒரே பலகையில் வரிசையாக வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலையில் ஓட்டுத் துண்டு ஈரமாக இருந்தது. கை ஈரமாக இருந்தது. தலை இறுகியிருந்தது.

அவள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். கூரையிலிருந்து மழைநீர் சொட்டுகிற ஓசை, தின்னரின் காரமான நெடி, புது வினைலின் இனிப்புக் கலந்த வாடை, தலைமுடிக்காக வாங்கி வைத்திருந்த ஆட்டு ரோமத்தின் புழுங்கல் நாற்றம், எல்லாம் என்றும் உள்ளவையே. புதிதாக இருந்தது ஒன்றுதான். இதுநாள்வரை பலகையின்மேல் ஒரு பொருளாகக் கிடந்த அந்தத் தலை, இப்போது, யாரும் கவனிக்காதபோது தலையைத் திருப்பிக்கொண்டு சட்டென்று உறங்குவதாகப் பாசாங்கு செய்யும் பிள்ளையைப் போல, அளவுக்கு மிஞ்சி அசையாமல் இருந்தது.

தொலைபேசி ஒலித்தபோது அவள் திடுக்கிட்டாள். இந்தப் பொம்மைக்கு ஆர்டர் கொடுத்திருந்த படக் கம்பெனியின் கலைப் பிரிவுக்காரர்.

“மேடம், குழந்தை எப்ப பொறக்கும்?”

“எது?”

“ஐயோ, உங்க குழந்தை இல்லை மேடம், எங்க குழந்தை. தூங்கற குழந்தை. டைரக்டர் என்னைத் தூங்க விடமாட்டேங்கறார்.”

“நடந்துட்டிருக்கு. அவசரப்படுத்தினா நல்லா வராது.”

“எல்லாத் தாயும் இதையேதான் சொல்றாங்க” என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அன்றைய வேலை நெற்றிப்பொட்டின் நரம்புகள். மயிரிழைப் பிரஷால், நீலமும் பச்சையும் கலந்த நீர்த்த வண்ணத்தில், தோலுக்கு அடியில் ஓடுவதாகக் கண் மயங்கும்படி இழுக்க வேண்டிய கோடுகள். அவள் எப்போதும்போல் தாழ்ந்த நாற்காலியில் சாய்ந்து, பொம்மைத் தலையைத் தன் வயிற்றின்மேல் நிறுத்திக்கொண்டாள். வயிறு மேடிட்ட நாளிலிருந்து அதுவே அவளுக்கு மேசை. உயரம் கச்சிதம், வழுக்காது, உள்ளேயிருந்து வாத்தியார் உதைத்தால் தலை ஒரு துள்ளு துள்ளும், கோடு கோணும், துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மீண்டும் இழுப்பாள். கையையும் காலையும் அப்படி வைத்துக்கொள்வதில்லை. அவற்றை விரலால் பிடித்தே பூசிவிடலாம்.

தலையை மட்டும்தான்.

அந்த எண்ணம் தோன்றிய நொடியில் பிரஷ் முதல் கோட்டின் முடிவில் இருந்தது. அவள் கையை எடுக்காமல் பார்த்தாள். கோட்டின் தொடக்கத்தில் ஈரத்தின் பளபளப்பு மங்கியது. அந்த மங்கல், கோட்டின் வழியே, அவசரமில்லாமல், அவளுடைய பிரஷை நோக்கி நடந்து வந்தது. அது வந்துகொண்டிருக்கையிலேயே வயிற்றின் உள்ளே, தொப்புளுக்குச் சற்று மேலே, துணியிலிருந்து ஒரு நூலை உருவுவதுபோல ஏதோ ஒன்று உருவப்பட்டது. வலியில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் தலையை எடுத்துப் பலகையில் வைத்தாள். புடவையை விலக்கி வயிற்றைத் தொட்டாள். தலை இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, வயிறு குளிர்ந்திருந்தது.

அக்காவின் ஸ்கேன் மையத்திற்கு அன்று பிற்பகலே போனாள். அவளுடைய அக்கா அங்கே படம் எடுப்பவள். ஊரிலுள்ள பாதிப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிட்டதாகப் பெருமை பேசுகிறவள்.

“ஜெல்லு சில்லுன்னு இருக்கும், துள்ளாதே” என்றபடி தடவிய அக்காவின் கை நின்றது. “என்னடீ இது, ஜெல்லை விட உன் வயிறு சில்லுன்னு இருக்கு? ஐஸ் பெட்டியைக் கட்டிக்கிட்டா தூங்கினே?”

“ஐஸ் பெட்டி ரிப்பேர்காரரைத்தான் கட்டிக்கிட்டேன்.”

அக்கா சிரித்தாள். அறை இருட்டாக இருந்தது. திரையில் சாம்பல் நிறம் அசைந்தது. இதயத்துடிப்பு கேட்டது; சீராகத்தான் இருந்தது. அக்கா கருவியை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். ஏதோ பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லை. முகம் சரியா விழமாட்டேங்குது. மெஷின் பழசு.”

முகம் விழுந்திருந்தது. அவளுக்குத் தெரிந்தது. நெற்றி இருந்தது, மூக்கு இருந்தது, உதடுகள் இருந்தன. புருவங்களுக்கு நடுவிலிருந்த மடிப்பு இல்லை. கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. பல நாள் கையாண்ட சோப்பைப் போல எல்லாம் மழுங்கியிருந்தன.

“நான் வாங்கிக் கொடுத்த பெயின்ட்டைத் தொட்டியா இல்லையா?” என்றாள் அக்கா, ஜெல்லைத் துடைத்தபடி. “புகை இல்லை, நாத்தம் இல்லை, வயித்துல இருக்கறதுக்குக் கெடுதல் இல்லை. காத்துலயே காஞ்சிடும். உன் பிடிவாதத்தைத் தவிர அதுல என்னடீ குறைச்சல்?”

“பூசினதும் காஞ்சிடும்கா. தப்பாப் போனா துடைக்க முடியாது.”

“துடைக்க முடியாததையெல்லாம் பெத்து வளக்கறோமே, அது மாதிரி நெனச்சுக்கோ.”

வீட்டிற்கு வந்ததும் அவள் நேரே பட்டறைக்குப் போனாள். மேகம் கவிந்த மாலை வெளிச்சம் சன்னல் வழியே பலகையில் கிடந்தது. தலை விட்ட இடத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். வார்ப்பில் அந்த நெற்றி வழவழப்பானது. அவளுக்கு அதன் ஒவ்வொரு மேடுபள்ளமும் மனப்பாடம். இப்போது இரு புருவங்களுக்கும் நடுவே ஆழமான ஒரு மடிப்பு இருந்தது.

அவள் அன்றே அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியத்தான் எடுத்தாள். உதடுகளில் மட்டும் முன்பே தடிப்பாகப் பூசியிருந்த சிவப்பு இன்னும் ஈரமாக மினுங்குவதைக் கண்டாள். ஈரமாக இருக்கும்வரை எதுவும் முடிந்துபோவதில்லை. அதைத் துடைத்துவிட்டால், தலை எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தந்துவிடும் என்று ஏனோ தோன்றியது. பஞ்சைத் தின்னரில் தோய்த்து, ஒரே இழுப்பில், உதட்டுச் சிவப்பைத் துடைத்தாள்.

வயிற்றுக்குள் ஒரு வெட்டு விழுந்தது. உடல் முழுவதையும் சுருட்டிக்கொண்டு ஒரு துடிப்பு. பிறகு அசைவு நின்றது.

அவள் காத்திருந்தாள். வயிற்றைத் தட்டினாள், தடவினாள், “வாத்தியாரே” என்று கூப்பிட்டாள், இடப்பக்கம் சாய்ந்து படுத்தாள், சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். சன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எழுந்தபோது புடவையில் ஒரு துளி இரத்தம் இருந்தது. இரண்டு முறை பார்த்திருக்கிற நிறம். பிரஷ் எங்கே, குப்பி எங்கே, எதையெதையோ தட்டிவிட்டுக்கொண்டு, துடைத்த அதே சிவப்பை அதே உதடுகளில் திரும்பப் பூசினாள். மேல் உதடு. கீழ் உதடு. வாயோரத்தின் பள்ளம்.

ஒரு அசைவு. மிக மெல்லிய, களைத்துப்போன ஒரு அசைவு.

அவள் பலகையில் தலையைச் சாய்த்து அழுதாள். துடைத்தால் போய்விடும். துடைக்காமல் விட்டால் அந்த ஈரம் இறுகுவதற்கு வேண்டிய சூட்டை எங்கிருந்து எடுக்கும் என்பதும் தெரியும். இப்போது வயிற்றில் சாய்த்துப் பிடிக்கவும் தேவையில்லாமல் போயிருந்தது. அறையின் மறுகோடியில் வைத்தாலும், துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டினாலும், அந்த நூல் உருவப்படுவதை அவளால் உணர முடிந்தது.

கணவன் வந்தபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டுவிட்டு அவளுடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

“உனக்குத்தான் ஜுரம் மாதிரி இருக்கு. அந்த ரெண்டு தடவையும் இப்படித்தான் பயந்தே. ஞாபகம் இருக்கா?”

“அந்த ரெண்டு தடவையும் நான் பயந்தது சரியாத்தானே போச்சு?”

அவன் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தான். வெந்நீர் வைத்துக் கொடுத்தான். கால் பிடித்துவிட்டான். மறுநாள் மருத்துவரிடம் போகலாம் என்றான். மருத்துவர் துடிப்பைக் கேட்டார், இரத்தத்தைச் சோதித்தார், நன்றாக உறங்கும்படி சொன்னார். நன்றாக உறங்கும்படி சொல்வதற்கு எத்தனை பட்டங்கள் வாங்க வேண்டியிருக்கிறது என்று அவள் எரிச்சலோடு நினைத்துக்கொண்டாள்.

வயிறு ஒவ்வொரு நாளும் கூடுதலாகக் குளிர்ந்தது. கம்பளி சுற்றினால் கம்பளி குளிர்ந்தது. உதட்டின் ஈரம் ஓரங்களிலிருந்து உள்நோக்கி மங்கிக்கொண்டு வந்தது. அது முழுதும் மங்கும்போது என்ன ஆகும் என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமலே தெரிந்தது.

அப்போதுதான் அக்கா வாங்கித் தந்த வண்ணப் பெட்டி அவள் கண்ணில் பட்டது.

சூடு கேட்பதற்குச் சூடு கொடுக்க வேண்டும். சூடு கேட்காத வண்ணம் ஒன்று இருக்கிறதே? காற்றில் உலரும் பூச்சால் தலை முழுவதையும் மூடிவிட்டால், கீழே இருக்கும் ஈரம் ஈரமாகவே அடைபட்டுவிடும். இறுகாது. போகவும் போகாது. இந்தத் தொழிலில் முதல் நாளே கற்றுத் தரும் விதி அது: ஈரமான சூட்டு வண்ணத்தின்மேல் காற்று வண்ணத்தைப் பூசாதே. மேலே ஒரு தோல் படிந்துவிடும், அடியிலிருப்பதைப் பிறகு சுடவும் முடியாது, துடைக்கவும் முடியாது, பொம்மையே பாழ். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்து, அழுது, குப்பையில் போடுகிற பிழை. அந்தப் பிழையை அவள் தெரிந்தே செய்யத் துணிந்தாள். பாழாகட்டும். பாழாவதற்காகத்தானே?

கணவன் வேலைக்குப் போயிருந்தான். நண்பகல். மழை விட்டிருந்தது. பட்டறையில் காற்றே இல்லை. நிறமற்ற பூச்சைக் கிண்ணத்தில் ஊற்றி, அகலப் பிரஷால், உச்சியிலிருந்து தொடங்கினாள். உச்சி. நெற்றி. அந்த மடிப்பு. மூடிய இமைகள். கன்னங்கள். பிரஷ் கடந்து சென்ற இடமெல்லாம் உடனுக்குடன் உலர்ந்தது. வயிற்றில் எதுவும் உருவப்படவில்லை. நூல் அறுந்துவிட்டது. அவளுக்கே தெரியாமல் அவளுடைய வாய் “ஆச்சு, ஆச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கடைசியாக உதடுகள்.

உதடுகளின்மேல் பூச்சு படிந்ததும் அவளுக்கு மூச்சு முட்டியது.

முதலில் நெடி என்று நினைத்தாள். நெடியே இல்லை. சன்னலைத் திறந்தாள். வாய் திறந்திருந்தது, மார்பு விரிந்தது, உள்ளே எதுவும் வரவில்லை. பலகையில் பூச்சு உலர்ந்துகொண்டிருந்தது. உலர்வதற்கு அதற்குக் காற்று வேண்டும்.

காற்று வேண்டும்.

வயிற்றுக்குள் சிசு புரண்டது. உதைத்தது. இதுநாள்வரை உதைக்காத உதை. நீரில் மூழ்குகிறவர்கள் அப்படித்தான் உதைப்பார்கள். அவள் பிரஷைப் போட்டுவிட்டுத் துணியை எடுத்தாள், தேய்த்தாள், நகத்தால் கீறினாள். உலர்ந்துவிட்டது. துடைக்க முடியாது. துடைக்கவே முடியாது. பொம்மையின் மூக்குத் துளையில், கண்ணாடிபோலப் படிந்திருந்த பூச்சு, மெல்ல உப்பியது. குமிழி. உள்ளே அடங்கியது. மறுபடியும் உப்பியது. உடைந்தது. அவளுடைய விரலின்மேல் வெதுவெதுப்பாக ஒரு காற்று பட்டது.

வயிற்றில் உதை நின்றது. கால் வழியே நீர் இறங்கியது.

கண் விழித்தபோது மருத்துவமனையின் வெள்ளைக் கூரையும், அதன்கீழ் அக்காவின் முகமும் தெரிந்தன.

“பொண்ணு” என்றாள் அக்கா. அழுதிருந்தாள். “உயிரோட இருக்காடீ. எடை கம்மி. மூச்சுக்கு உதவி வேணும். உடம்புல சூடு நிக்கமாட்டேங்குது, பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. அவ்வளவுதான். அவ்வளவுதான்டீ.”

“அழுதாளா?”

அக்கா போர்வையைச் சரிசெய்தாள். “குறைமாசம் இல்லையா. அதெல்லாம் பொறவு அழுவா. அழுது உன் உயிரை வாங்குவா பாரு.”

கணவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். தாடி வளர்ந்திருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தேடியவன்போல, “உன் வேலையைப் பத்திக் கவலைப்படாதே. தலையை உடம்போட சேத்து, தையல் போட்டு, கம்பெனிக்காரர்கிட்ட கொடுத்தனுப்பிட்டேன். வாத்தியாருக்கு மருந்துச் செலவுக்கு ஆகும்” என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நல்லதைத்தான் செய்திருந்தான்.

சக்கர நாற்காலியில் அவளை அழைத்துச் சென்று கண்ணாடிக்கு முன் நிறுத்தினார்கள். பெட்டிக்குள் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. சூடான காற்று சீரான இரைச்சலோடு ஓடியது. அந்த வெளிச்சத்தில் அவளுடைய மகள் படுத்திருந்தாள். உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒரே நிறம். செம்மை இல்லை, நீலம் இல்லை, தோலுக்கு அடியில் ஒரு நரம்பும் இல்லை. வெளிறிய, மங்கிய, நிரந்தரமான ஒரே நிறம். உறையிலிருந்து பிரித்தெடுத்த அன்று, இன்னும் ஒரு பூச்சும் காணாத வினைலுக்கு அந்த நிறம் இருக்கும்.

“கையில ரேகையே இல்லையேம்மா?” என்று தாதியிடம் கேட்டாள்.

“குறைமாசத்துக்கு அப்படித்தான் இருக்கும். நாள் போகப் போக வரும்.”

“நகம்?”

“வரும்மா. எல்லாம் வரும்.”

“கண்ணைத் தொறக்கறாளா?”

தாதி பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துச் சூட்டை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

சில நாள்கள் கழித்து, தாயின் மார்புச் சூடு நல்லது என்று, குழந்தையைக் குழாய்களோடு கொண்டுவந்து அவளுடைய மார்பில் படுக்க வைத்தார்கள். காலை வெளிச்சம் நிறைந்த அறை. அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். பெட்டியின் சூடு குழந்தையின் உடலில் சிறிது நேரம் இருந்தது. பிறகு, மேசையில் வைத்த பாத்திரம் ஆறுவதுபோல ஆறியது. கனம் சரியாக இருந்தது. மென்மை சரியாக இருந்தது. அவள் குனிந்து உச்சியை முகர்ந்தாள். அந்த இனிப்புக் கலந்த வாடை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

காதின் பின்னே, தலையின் இருபக்கமும், மெல்லிய ஒரு வார்ப்புக் கோடு ஓடியது.

தலையணைக்கு அருகில் தொலைபேசி அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்தாள்.

“மேடம், கோச்சுக்காதீங்க, இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன். பாப்பா நல்லா இருக்கா?” கலைப் பிரிவுக்காரரின் குரலுக்குப் பின்னால் பலர் பேசுகிற ஓசை, அதற்கும் மேலே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. “பொம்மை பிரமாதம் மேடம். கையில வாங்கினவங்க எல்லாம் தலைக்குக் கை கொடுத்துத் தாங்கித்தான் வாங்கறாங்க. தொட்டா சூடா இருக்கு, எப்படி மேடம் பண்ணீங்க? டைரக்டருக்கு ஒரே ஒரு சந்தேகம்.”

அழுகை உயர்ந்தது. அவளுடைய மார்பில் பால் சுரந்தது. தடுக்க முடியாமல், இரவிக்கையை நனைத்துக்கொண்டு, கேட்ட குரலுக்குத் தானாகச் சுரந்தது.

“இந்த அழுகையை எப்படி மேடம் நிறுத்தறது? தூங்கற குழந்தைதானே கேட்டோம்? நேத்துலேருந்து சுவிட்சைத் தேடறோம், கிடைக்கலை. பேட்டரி உடம்புக்குள்ளயா இருக்கு?”

“வேண்டாம்” என்றாள். வெட்டித் தைத்த வயிற்றிலிருந்து குரல் எழவில்லை. “தம்பி, வேண்டாம். அதைத் தூக்கி வச்சுக்கோங்க. யாராவது தூக்கி வச்சுக்கோங்க.”

“என்ன மேடம்? இது கத்தற கத்தல்ல ஒண்ணுமே கேக்கலை. சரி, முதுகுத் தையலை நாங்களே பிரிச்சுப் பாத்துக்கறோம். மறுபடி தெச்சுக்கலாம்ல? ஏய், அந்தக் கத்தரிக்கோலைக் கொண்டாப்பா.”

“வேண்டாம்!”

அவளுடைய மார்பின்மேல், இமைப்பிளவு இல்லாத முகத்தில், வாய் திறந்தது. ஓசை இல்லை. தொலைபேசியில் அழுகை ஏறும்போது வாய் விரிந்தது. மூச்சு வாங்க அது தணியும்போது வாய் மூடியது. விரிந்தது. மூடியது. விரிந்தது.

துணி கிழிபடும் ஓசை கேட்டது.

அழுகை நின்றது. அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

மார்பில் இருந்த வாய், விரிந்தது விரிந்தபடியே நின்றது. சொட்டிய பால் ஒரே நிறமான கன்னத்தில் விழுந்து, ஒட்டாமல், மணியாக உருண்டு, அந்த வாய்க்குள் இறங்கியது. தொண்டை இல்லாத ஆழமற்ற பள்ளத்தில் அது தேங்கியது. அடுத்த சொட்டும் விழுந்தது. பள்ளம் நிரம்பி, உதட்டின் விளிம்பில் வெண்மையாக, அசையாமல் நின்றது.